முதல் சந்தேகம் யார் மீது?

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. சங்க அலுவலகத்தில் கமிட்டிக் கூட்டம் முடிந்தது. கூட்டம் முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவது தோழர்களின் வழக்கம். அன்று ஒருவரும் ஓடவில்லை. வாலிபத் தோழர் ஒருவர் ஓர் ஆங்கிலச் சிறுகதையைக் கொண்டுவந்திருந்தார். பக்கம் பக்கமாகப் படித்து, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மில் தோழர்கள், வயல் வேலைக்குப் போகும் தோழர்கள், நாலைந்து பெண் தோழர்கள் என்று இருபது பேர் உட்கார்ந்து கேட்டோம். கதை முடியும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பஸ்ஸும் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கதை நம் மனதைவிட்டு இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் இந்தப் பத்தியில் அதைப் பற்றியே பேச எண்ணுகிறோம். கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், கூலி உயர்வைப் பற்றி எழுதக் கூடாதா என்று சில தோழர்கள் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கதையை எழுதியவர் டி. எச். லாரன்ஸ். 1885ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் ஜில்லாவில், ஈஸ்ட்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. தகப்பனாரின் உடன்பிறந்தவர் ஒருவர் 1880ல் சுரங்க விபத்தில் மாண்டவர். ஆகவே மாடியில் உட்கார்ந்து ஏழையைப் பற்றிக் கற்பனை செய்த எழுத்தாளர் அல்ல இவர். கதை 1911ல் பத்திரிகையில் வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் 'சாமந்திப் பூவின் வாசம்' என்று சொல்லலாம்.

கதையில் பெரிய சம்பவம் எதுவும் முதலில் இல்லை. எலிசபெத் என்று ஒரு பெண். சுரங்கத் தொழிலாளி வால்டரின் மனைவி. ஐந்து வயதில் ஒரு பையன், பள்ளிக்குப் போகும் ஒரு பெண், வயிற்றில் மூன்றாவது பிள்ளை. சாயங்காலம் ஷிப்டு முடிந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்புகிறார்கள். வால்டர் மட்டும் வரவில்லை.

எலிசபெத்துக்குச் சந்தேகமே இல்லை. அவன் குடிக்கப் போயிருக்கிறான்! அவளுடைய தகப்பனார் ரயில் எஞ்சின் ஓட்டுபவர். அவர்தான் அன்று சாயங்காலம் சேதி சொல்லிவிட்டுப் போகிறார்: சனிக்கிழமை இரவு உன் புருஷன் மதுக்கடையில் உட்கார்ந்து, அரைப் பவுனையும் குடித்துத் தீர்க்கப் போவதாகப் பெருமை பேசினானாம். அந்த வாரம் வீட்டுக்கு அவன் கொடுத்ததோ 23 ஷில்லிங். அந்தக் கணக்கு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

சாப்பாடு ஆறிப்போகிறது. இருட்டிவிடுகிறது. விளக்கேற்றுகிறாள். பிள்ளைகள் அப்பா எங்கே என்று கேட்கவும் பயந்து விளையாடுகிறார்கள். வீட்டு வாசலைத் தாண்டித்தானே கடைக்குப் போயிருப்பான் என்று அவள் உள்ளம் கொதிக்கிறது. தானாக நடந்து வரமாட்டான், நாலு பேர் கட்டையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்து போடுவார்கள், தரையிலேயே கிடக்கட்டும் என்று கறுவுகிறாள். பிள்ளைகளைத் தூங்கவைக்கிறாள். எட்டு மணிக்கு மேல் கோபத்தின் அடியில் பயம் தலைதூக்குகிறது. பக்கத்துத் தொழிலாளி ரிக்லியின் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறாள். ஒன்பது மணி சுமாருக்குச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் எஞ்சின் வேகமாக ஓடும் சத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில் ஏன் ஓடுகிறது? மேற்பார்வைக்காரர் இறங்குகிறார் போலிருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் கதை சொன்ன தோழர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். "வால்டர் எங்கே இருப்பான், சொல்லுங்கள்" என்று கேட்டார். கார்டிங் பகுதியில் வேலை செய்யும் தோழர் ஒருவர், "வேற எங்க? கடையிலதான் மட்டையாகிக் கிடப்பான்!" என்றார். எல்லோரும் சிரித்தோம். உண்மையை மறைப்பானேன்? நாமும் சிரித்தோம்.

தோழர் மேலே சொன்னார். வால்டர் கடையில் இல்லை. எலிசபெத் சாப்பாட்டை அடுப்போரம் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் பூமிக்கு அடியில் இருந்தான். அவனுக்குப் பின்னால் கூரை சரிந்து வழியை அடைத்துவிட்டது. உடம்பில் காயம்கூட இல்லை. எலி பொறியில் அகப்படுவதுபோல் அகப்பட்டு, மூச்சு முட்டிச் செத்துப்போனான். நாலு பேர் அவனைத் தூக்கித்தான் வந்தார்கள். தரையில்தான் கிடத்தினார்கள். அவள் வாயில் வந்த வார்த்தை எழுத்துப் பிசகாமல் பலித்தது!

அறையில் ஓசை இல்லை. சிரித்த வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

மாடியில் தூங்கிய பெண் குழந்தை சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறது. தாய் ஓடிப்போய் அப்பா வந்துவிட்டார், தூங்குகிறார், சத்தம் போடாதே என்கிறாள். குழந்தை பயந்துகொண்டே கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? அப்பா குடித்திருக்கிறாரா என்பதுதான். செத்துக் கிடக்கும் தகப்பனைப் பற்றி மகள் கேட்கும் கேள்வி அது! தோழர்களே, கொலை செய்தவன் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் மறைத்து வைக்கும் மர்மக் கதைகளை எத்தனையோ படித்திருப்பீர்கள். இந்தக் கேள்வியைப்போல் நெஞ்சை அறுக்கும் மர்மம் எதிலும் இல்லை.

அன்று இரவு இரண்டு விஷயங்கள் பற்றிப் பலத்த விவாதம் நடந்தது.

முதல் விஷயம் இது. விபத்து என்ற சேதி காதில் விழுந்ததும், புருஷன் செத்திருந்தால் என்ன கிடைக்கும், நாம் எவ்வளவு சம்பாதிக்க முடியும், குடும்பம் ஓடுமா என்று எலிசபெத் மனதுக்குள் கணக்குப் போடுகிறாள். இதைக் கேட்டதும் சில ஆண் தோழர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இவளும் ஒரு மனைவியா, பிணம் வீட்டுக்கு வருமுன் பணத்தை எண்ணுகிறாளே என்றார்கள். மூலையில் இருந்த விவசாயத் தொழிலாளி அம்மா ஒருவர், விதவை, மெல்லச் சொன்னார்:

"எண்ணாம என்ன பண்ணுவா தோழர்? விடிஞ்சா ரெண்டு புள்ளைக்கும் கஞ்சி ஊத்தணுமே. எம் புருசன் போன அன்னிக்கு நானும் எண்ணுனேன். வெளியில சொல்லல, அவ்வளவுதான்."

இதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாவது விஷயம் அந்தப் பத்து நிமிஷம். ரிக்லி சொல்லும் விவரம் இது: வேலை நிறுத்தும் நேரம் ஆகிப் பத்து நிமிஷம் கழித்து அவனும் இன்னொருவனும் கிளம்புகிறார்கள். வருகிறாயா என்று வால்டரைக் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்கிறான் அவன். பின்னால் வந்துவிடுவான் என்று நம்பி அவர்கள் மேலே ஏறிவிடுகிறார்கள்.

வால்டர் ஏன் பின்தங்கினான்? குடிகாரன், பொறுப்பற்றவன் என்று பெயர் எடுத்தவன், எல்லோரும் கிளம்பிய பிறகும் வேலையை முடிக்க நிற்பானேன்? அன்று கரி வெட்டுபவனுக்குக் கூலி வெட்டிய டன் கணக்கில். கூரைக்கு முட்டுக் கொடுப்பது, கல்லை அகற்றுவது போன்ற வேலைக்குச் சரியான கூலி கிடைக்காது என்பது சுரங்கத் தொழிலாளியின் நெடுநாள் புகார். உயிரைக் காக்கும் வேலைக்குக் கூலி இல்லை, கரிக்குத்தான் கூலி! அப்படியானால் கை எதைத் தேடி ஓடும்? கதை இந்தக் கணக்கை விரித்துச் சொல்லவில்லை. ஆனால் டன் கணக்குக் கூலி வாங்கும் எந்தத் தொழிலாளிக்கும், பொதிக் கணக்குக் கூலி வாங்கும் எந்தத் தொழிலாளிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தின் அர்த்தம் சொல்லாமலே புரியும்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குமேல் செத்தார்கள். 1913ல் வேல்ஸ் நாட்டில் செங்கனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டபோது உலகமெல்லாம் பேசியது. ஆனால் மொத்தக் கணக்கில், வெடிப்பில் செத்தவரைவிட, வால்டரைப்போல் கூரை சரிந்து ஒருவர் இருவராகச் செத்தவர்களே அதிகம். ஒருவர் இருவராகச் சாகிறவனுக்குப் பத்திரிகையில் இடம் ஏது? சுரங்கத் தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. கதை வெளிவந்த மறு வருஷமே, 1912ல், சுமார் பத்து லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கரி கடினமான இடத்தில் வெட்டினாலும் குறைந்தபட்சக் கூலி வேண்டும், ஷிப்டுக்கு ஆளுக்கு ஐந்து ஷில்லிங், சிறுவனுக்கு இரண்டு ஷில்லிங் என்பது கோரிக்கை. சர்க்கார் பணிந்து குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஐந்தையும் இரண்டையும் மட்டும் சட்டத்தில் எழுத மறுத்தது!

இனி, சீமைச் சுரங்கத்தை விட்டு நம் சீமைக்கு வருவோம்.

2013ல் நமக்கு நேரில் தெரிந்த சம்பவம் இது. கரிசல் காட்டுச் சிற்றூர் ஒன்றில் பருத்தி ஜின்னிங் பேக்டரி. அதில் காண்டிராக்ட் கூலியாக ஒரு தொழிலாளி. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இல்லை. கூலி பொதிக் கணக்கில். ஒருநாள் சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிய பிறகு, மிஷினில் அடைத்த பஞ்சை எடுத்துவிட்டுப் போ என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். தனியாக நின்று எடுத்தார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மயங்கிக் கிடந்தவரை ராத்திரி வாட்ச்மேன் பார்க்கும்வரை கேட்பாரில்லை.

வீட்டில் என்ன நடந்தது? மனைவி வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "இன்னிக்கும் கடையிலதான் விழுந்து கெடக்கான்" என்று திட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்வதற்கில்லை. தொழிலாளி குடிக்காதவர் அல்ல. சம்பள நாளில் குடிப்பார், சில நாள் விழுந்தும் கிடந்திருக்கிறார். எலிசபெத்தைப்போலவே அந்த அம்மாளுக்கும் பழைய அனுபவம் சொன்ன சேதி அது.

பிறகு வந்தது நிர்வாகத்தின் சாமர்த்தியம். அவன் குடித்துவிட்டு மிஷினில் கைவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் அப்படி எழுதினார்கள்? 1923ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. போதைதான் காயத்துக்கு நேர்க் காரணம் என்று நிரூபித்துவிட்டால் முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். தொழிலாளி செத்துப்போனால் அந்தச் சாக்கு செல்லாது. விரல் போனால் செல்லும்! சரி, சாட்சிக்கு எங்கே போனார்கள்? தெருவுக்குத்தான். "அவன் சம்சாரமே சொன்னாளே" என்று இரண்டு பேரைப் பிடித்துவந்தார்கள். வயிற்றெரிச்சலில் ஒரு பெண் சொன்ன வார்த்தை, அவள் புருஷனின் மூன்று விரல்களுக்கு எதிராக முதலாளியின் கையில் ஆயுதமாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக் குறிப்பில் போதை என்ற பேச்சே இல்லை. சங்கம் அதை எடுத்துக்கொண்டு வாதாடியது. உடன் வேலை செய்த இருவர் வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து சாட்சி சொன்னார்கள். 2016ல் நஷ்டஈடு கிடைத்தது. மூன்று வருஷம்! அந்த மூன்று வருஷமும் அந்த அம்மாள் புருஷன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

வயலில் வேலை செய்யும் தோழர்களே, இதில் உங்களுக்கும் பாடம் இருக்கிறது. பூச்சி மருந்து அடித்துவிட்டு வருகிறவனுக்கு விஷம் ஏறினால் தள்ளாடுவான். பேச்சுக் குழறும். வாயில் எச்சில் வழியும். வேர்த்துக் கொட்டும். கண் மங்கும். பார்க்கிறவனுக்குக் குடிபோதையாகவே தோன்றும். "தூங்கித் தெளியட்டும்" என்று திண்ணையில் போட்டுவிட்டால் ஆள் போய்விடுவான்! 2017ல் மராட்டிய மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்குமேல் விஷம் ஏறி மாண்டார்கள். தரையிலேயே கிடக்கட்டும் என்று எலிசபெத் நினைத்ததை நாம் நினைக்கலாகாது. மருந்தடித்தவன் தள்ளாடினால் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆக, நாம் சொல்லவருவது ஒன்றே ஒன்றுதான். தொழிலாளி வீடு திரும்பவில்லை என்றால் நம் முதல் சந்தேகம் அவன் மேலேயே விழுகிறது. மில்லின் மேல் விழுவதில்லை. மிஷினின் மேல், மருந்து டப்பாவின் மேல் விழுவதில்லை. எலிசபெத்துக்கு அப்படித்தான். ஜின்னிங் தொழிலாளியின் மனைவிக்கு அப்படித்தான். வர்க்கப் போராட்டம் பேசுகிற நமக்கும், அன்று சிரித்தோமே, அப்படித்தான்! முதலாளிக்கு இதைவிட மலிவான காவல் வேறு என்ன வேண்டும்?

இந்தச் சந்தேகம் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? இல்லை. அதற்குக் காரணம் கொடுத்தவர்களும் நாம்தான். 23 ஷில்லிங்கை வீட்டில் கொடுத்துவிட்டு அரைப் பவுனைக் கடையில் வைத்தானே வால்டர், அந்தக் குற்றத்தை எந்த முதலாளியின் தலையிலும் முழுதாகக் கட்டிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் கடை நடத்தி விற்கிறது என்பது உண்மை. அதை எதிர்த்துப் போராடுவோம். அதற்காக, கடைக்குள் போகும் கால் நம் கால் இல்லை என்று ஆகிவிடுமா?

கதையின் முடிவில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து பிணத்தைக் குளிப்பாட்டுகிறார்கள். அப்போது எலிசபெத்துக்கு ஓர் உண்மை தெரிகிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இந்த மனிதனை நாம் அறியவே இல்லையே, இவன் யாரோ, நாம் யாரோ என்று நடுங்குகிறாள். ஆணும் பெண்ணும் என்றைக்கும் இப்படித்தான் என்பதுபோல் ஆசிரியர் கதையை நிறுத்திவிடுகிறார். இந்த இடத்தில் நமக்கு அவரோடு தகராறு உண்டு. சுரங்க மேனேஜர் அந்த வீட்டுக்குள் வந்து, இப்படிக் கண்டதில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போகிறார். கூரையைச் சோதிக்க வேண்டியவன் யார், முட்டு இருந்ததா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. நாம் கேட்போம். கேட்கத்தான் சங்கம்.

ஆனால் இது முதலாளித்துவ எழுத்தாளரின் தனிமனிதப் புலம்பல் என்று சொல்லிக் கதையைத் தள்ளிவிட்ட தோழர்களோடும் நமக்குச் சம்மதமில்லை. அந்தக் கதை நம்மைத்தான் குத்துகிறது. மேடையில் இரண்டு மணி நேரம் உலக நிலவரம் பேசுகிறோம். வீட்டில் நாலு வார்த்தை பேசுகிறோமா? கதை கேட்ட இரவு பஸ் இல்லாமல் நடந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் வீடு போனோம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கே என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கேட்டு, பதில் வராததால் கேட்பதை விட்டுவிட்டவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, எங்கே போனோம், யார் யார் இருந்தார்கள், என்ன கதை கேட்டோம் என்று உட்கார்ந்து சொன்னோம். முழுதும் கேட்டார். "அந்தப் பொண்ணு பாவம்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த ஆளும் பாவம்" என்றார்.

கதையில் அந்தச் சாமந்திப் பூ கல்யாணத்தன்றும் இருந்தது, பெண் பிறந்தபோதும் இருந்தது, அவனை முதல் முதலாகக் குடிபோதையில் தூக்கி வந்தபோது அவன் சட்டையிலும் இருந்தது. பிணத்தைக் கொண்டுவந்த அன்று ஜாடியோடு தட்டிவிடப்பட்டுத் தரையில் விழுந்தது. நம் ஊரிலும் மணமாலைக்கும் பாடைக்கும் அதே சாமந்திதான். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வாழ்க்கையைத்தான் நாம் பேசாமல் கழித்துவிடுகிறோம்.

தோழர்களே! மூன்று காரியம் செய்வோம். ஷிப்டு முடிந்தபின் யாரையும் மிஷினில் தனியாக விட்டு வெளியேறாதீர்கள். "நீ போ, வருகிறேன்" என்றால் நின்று அழைத்து வாருங்கள். எந்த மிஷினில், யாரோடு, எந்த மேஸ்திரியின் கீழ் வேலை என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். சங்கக் கிளைகள் மாதம் ஒரு கூட்டத்துக்குத் தோழர்களின் மனைவிமாரையும் அழைத்து, வேலையின் அபாயத்தையும் நஷ்டஈட்டு உரிமையையும் எடுத்துச் சொல்லட்டும்.

பிறகு ஒருநாள் சாப்பாடு ஆறும், ஆள் வரமாட்டான். அன்றைக்கு அந்த வீட்டுப் பெண் தெருவில் நின்று திட்டக் கூடாது. பக்கத்து வீட்டுத் தோழரை அழைத்துக்கொண்டு நேரே மில் கேட்டுக்குப் போய், "உள்ளே போன என் மனுசன் எங்கே?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.